மை மேன் காட்ஃப்ரி: ஒரு பட்லர் படத்தைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1936-இல் வந்த இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை நான் கண்ணில் படுகிறவர்களிடம் எல்லாம் சிபாரிசு செய்துவருகிறேன். பார்க்கலாமா என்று யோசிப்பவர்கள் ஒருவிதமாகக் கேட்கிறார்கள், பார்த்து முடித்தவர்கள் வேறுவிதமாகக் கேட்கிறார்கள். இரண்டு ரகக் கேள்விகளுக்கும் இங்கே பதில் இருக்கிறது. முடிவு தெரிந்துவிடக்கூடாது என்பவர்கள் "கதாநாயகன் நிஜத்தில் யார்" என்ற கேள்வி வரும்போது நிறுத்திவிட்டு, படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம்.

கதை என்ன?

நியூயார்க்கில் ஒரு இரவு. ஈஸ்ட் ரிவர் ஆற்றோரக் குப்பைமேட்டில், தகரக் கொட்டகைகளில் வேலையிழந்த ஆண்கள் குளிர்காய்ந்துகொண்டிருக்கிறார்கள். பெரிய காரில் வந்து இறங்கும் புல்லக் வீட்டு மூத்த பெண் கோர்னீலியா, தாடியோடு நிற்கும் ஒருவனிடம் 5 டாலர் தருகிறேன், என்னோடு ஒரு ஹோட்டலுக்கு வா என்கிறாள். பணக்காரர்கள் ஆடும் ஒரு விளையாட்டில் அவனைக் காட்டி ஜெயிக்க வேண்டுமாம். அவன் முறைத்தபடி முன்னே வர, இவள் பின்வாங்கிப் பின்வாங்கிச் சாம்பல் குவியலில் உட்கார்ந்துவிடுகிறாள். கூட வந்த தங்கை ஐரீன் சிரிக்கிறாள். அக்காவைத் தோற்கடிக்கட்டும் என்பதற்காகவே அவன் தங்கையோடு போகிறான். அவன்தான் காட்ஃப்ரி. ஹோட்டலில் கூடியிருந்த கோட்டு சூட்டுக்காரர்களை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுக் கிளம்பப் பார்க்கிறான். ஐரீன் அவனைத் தன் வீட்டுக்குப் பட்லராக வேலைக்கு வைத்துக்கொள்கிறாள்.

மறுநாள் காலையிலிருந்து படம் அந்த வீட்டுக்குள்தான். முந்தின இரவு ஐரீன் ஓட்டிவந்த வாடகை வண்டிக் குதிரை நூலக அறையில் நிற்கிறது. கோர்னீலியா ஜன்னல்களை உடைத்திருக்கிறாள். அம்மா ஏஞ்சலிகா போதை தெளியாமல் குட்டிப் பிசாசுகளைக் கண்டுகொண்டிருக்கிறாள். அப்பா அலெக்ஸாண்டர் பில்களைக் கட்டியே ஓய்ந்துபோனவர். போதாக்குறைக்குக் கலைஞன் என்ற பெயரில் அம்மா வளர்க்கும் கார்லோ. இவன் வேலை சாப்பிடுவது, பியானோ அருகே சோகமாக நிற்பது, கேட்டுக்கொண்டால் கொரில்லாவைப் போல மேசை நாற்காலி மேல் தாவுவது.

"மை மேன்" என்றால் என் ஆளா, என் கணவனா?

இரண்டும்தான். அந்தத் தலைப்பின் குறும்பே அது. ஆங்கிலப் பெரிய வீடுகளில் எஜமானர்கள் தங்கள் ஆண் வேலையாளை "மை மேன்" என்பார்கள். நம் ஊரில் "நம்ம ஆளு" என்கிற மாதிரி. அதே சொல்லை ஒரு பெண் சொன்னால் என்னவன், என் புருஷன் என்றும் வரும். ஐரீன் முதல் அர்த்தத்தில் ஆரம்பித்து இரண்டாவதில் போய் நிற்கிறாள். படம் முழுக்க நடப்பது இந்த நகர்வுதான்.

பட்லர் என்றால் சமையல்காரர்தானே?

நமக்கு அப்படித்தான் தோன்றும். வெள்ளைக்காரர் காலத்துச் சென்னையில் துரை வீட்டு வேலையாட்களுக்கு ஒட்டிய சொல் அது. அவர்கள் பேசிய ஆங்கிலத்துக்கே "பட்லர் இங்கிலீஷ்" என்று பெயர் வந்துவிட்டது. மேலை நாட்டுப் பெரிய வீட்டில் பட்லர் அடுப்படிக்குப் போவதில்லை. வீட்டு வேலையாட்களுக்குத் தலைவர் அவர். கதவைத் திறப்பது, சாப்பாடு பரிமாறுவதை மேற்பார்ப்பது, ஒயினையும் வெள்ளிப் பாத்திரங்களையும் கணக்கு வைப்பது அவர் பொறுப்பு. எதைக் கண்டாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் அதில் பெரிய வேலை. காட்ஃப்ரியாக நடித்த வில்லியம் பவல் இந்தப் படத்தில் பாதி சிரிப்பை அந்தக் காட்டிக்கொள்ளாத முகத்தை வைத்தே வாங்கிவிடுகிறார்.

குப்பைமேட்டில் மனிதர்கள் குடியிருந்தது கற்பனையா?

இல்லை. 1929 பங்குச் சந்தைச் சரிவுக்குப் பிறகு அமெரிக்காவில் வேலைகள் மளமளவென்று போயின. 1933 வாக்கில் உழைப்பாளர்களில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. வீட்டை இழந்தவர்கள் தகரம், அட்டை, பழைய பலகை என்று கிடைத்ததை வைத்துக் குடிசை போட்டார்கள். அந்தக் குடியிருப்புகளுக்கு, அப்போது அதிபராக இருந்த ஹெர்பர்ட் ஹூவரைக் குத்திக்காட்டி "ஹூவர்வில்" என்று பெயர் வைத்தார்கள். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கிலேயே ஒன்று இருந்தது.

படத்தில் வருவது குவீன்ஸ்பரோ பாலத்தின் பக்கம். அதே ஆற்றங்கரையில்தான் சட்டன் பிளேஸ் போன்ற செல்வந்தர் குடியிருப்புகளும் இருந்தன. படத்தின் முதல் இரண்டு நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். நடிகர்கள் பெயரெல்லாம் ஆற்றங்கரைக் கட்டடங்களில் மின்னும் விளம்பர விளக்குகளாக வரும். கேமரா அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து போகப் போக விளக்குகள் குறைந்து, கடைசியில் குப்பைமேட்டில் வந்து நிற்கும். இயக்குநர் கிரெகரி லா காவா சினிமாவுக்குக் கேலிச்சித்திரமும் அனிமேஷனும் வரைந்த கையோடு வந்தவர். அது தெரிகிறது.

காட்ஃப்ரியை ஏன் "மறக்கப்பட்ட மனிதன்" என்கிறார்கள்?

1932 ஏப்ரலில், அதிபர் தேர்தலுக்கு முன்னால் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசியபோது, பொருளாதாரப் பிரமிடின் அடியில் கிடக்கும் "மறக்கப்பட்ட மனிதனை" நினைக்க வேண்டும் என்றார். அந்தச் சொல் நாடெங்கும் பற்றிக்கொண்டது. நாலு வருடம் கழித்து இந்தப் படத்தில் அதே சொல் விளையாட்டுப் பட்டியலில் ஒரு பொருளாக வருகிறது. ஆடு ஒன்று, பழைய தட்டுமுட்டுச் சாமான், கூடவே மறக்கப்பட்ட மனிதன் ஒருவன். அன்றைய ரசிகர்களுக்கு இது எங்கே குத்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படி ஒரு விளையாட்டு உண்மையில் இருந்ததா?

இருந்தது. ஸ்காவெஞ்சர் ஹன்ட் என்பார்கள். விருந்து நடத்துவதையே தொழிலாக வைத்திருந்த எல்சா மாக்ஸ்வெல் என்ற பெண்மணி அந்தக் காலத்தில் இதைப் பிரபலமாக்கினார். பட்டியலில் உள்ள விசித்திரச் சாமான்களை ஊரெல்லாம் அலைந்து யார் முதலில் கொண்டுவருகிறார்கள் என்று போட்டி. ஐரீன் தன் பாணியில் ஒரு விளக்கம் தருவாள்: புதையல் வேட்டையில் நமக்கு வேண்டியதைத் தேடுவோம், இதில் யாருக்கும் வேண்டாததைத் தேடுவோம். எதிரில் நிற்பவனிடம் என்ன சொல்கிறோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைக்கிறது. லேசாக உறைக்கிறது, அவ்வளவுதான். அந்த அரை நொடி முக மாற்றம், ஐரீனாக வரும் கரோல் லம்பார்டின் நடிப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

ஸ்க்ரூபால் காமெடி என்கிறார்களே?

பேஸ்பால் ஆட்டத்தில் எதிர்பாராத பக்கம் திரும்பும் ஒருவகைப் பந்து வீச்சுக்குப் பெயர் ஸ்க்ரூபால். அதிலிருந்து கிறுக்குத்தனமான ஆட்களுக்கும், அப்புறம் இந்த ரகப் படங்களுக்கும் பெயர் ஒட்டியது. வேகமான பேச்சு, வர்க்கம் தாண்டிய ஜோடி, காதலைவிட அதிகமாகச் சண்டை. 1934 நடுவிலிருந்து ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கறாராக அமலுக்கு வந்ததும் இதற்கு ஒரு காரணம். படுக்கையறைப் பக்கம் போக முடியாது, அதனால் ஆசையை எல்லாம் வாய்ச்சண்டையாக மாற்றிவிட்டார்கள். இந்தப் படத்தில் உச்சபட்ச நெருக்கம் என்ன தெரியுமா? மயக்கம் போட்டதாக நடிக்கும் ஐரீனைக் காட்ஃப்ரி உடுத்திய உடையோடு தூக்கிப்போய்க் குளிர்ந்த ஷவரின் கீழ் நிறுத்துகிறான். அவளோ, என்மேல் காதல் இல்லாவிட்டால் இப்படிச் செய்வானா என்று சொட்டச் சொட்ட நனைந்தபடி வீடெல்லாம் குதிக்கிறாள்.

கதாநாயகன் நிஜத்தில் யார்? பணக்காரன்தானே, அப்புறம் என்ன பெரிய சமூகப் படம்?

நியாயமான குறை. எனக்கும் இந்தப் படத்தோடு இருக்கும் தீராத வழக்கு இதுதான்.

காட்ஃப்ரி பாஸ்டன் நகரத்துப் பரம்பரைச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை, ஹார்வர்டில் படித்தவன். ஒரு பெண்ணால் மனமுடைந்து, இருந்ததை எல்லாம் அவளிடம் கொடுத்துவிட்டு, ஆற்றில் விழுந்துவிடலாம் என்று வந்திருக்கிறான். அங்கே கொட்டகைகளில் இருந்தவர்கள் புலம்பாமல் பிழைக்கப் போராடுவதைப் பார்த்து அவர்களோடே தங்கிவிட்டான். ஆக, வேலைக்காரன் எஜமானர்களைவிடப் பண்பானவன் என்று நாம் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே, அவனும் எஜமான் ஜாதிதான் என்று கதை காதில் ஓதிவிடுகிறது. வேலைக்கார வேஷத்தில் வரும் செல்வந்தர் என்ற சூத்திரம் நம் சினிமாவுக்கும் பழகியதுதான். எல்லா ஊரிலும் அது ஒரே வசதியைத்தான் செய்து தருகிறது: நிஜமான வேலைக்காரனை வீட்டுப் பெண்ணுக்குக் கட்டிக்கொடுக்க வேண்டிய சங்கடம் இல்லாமல் போகிறது.

ஆனாலும் படத்தை அதோடு தள்ளிவிட முடியாது. காட்ஃப்ரி தன் பழைய வாழ்க்கைக்குத் திரும்பியிருக்கலாம், திரும்பவில்லை. ஹார்வர்டு நண்பன் டாமி கிரே விருந்தில் அவனை அடையாளம் கண்டு உளறப் போகும்போது, நான் இவரிடம் வேலையாளாக இருந்தவன் என்று சமாளிக்கிறான். டாமி அதற்கு மேல் ஒரு படி போய், ஆமாம், இவனுக்குப் பெண்டாட்டியும் ஐந்து பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று அடித்துவிட, ஐரீன் அழுதுகொண்டே வேறு ஒருவனோடு நிச்சயத்தை அறிவித்துவிடுகிறாள். பிறகு நண்பனைத் தனியாகச் சந்திக்கும்போது காட்ஃப்ரி சொல்லும் ஒரு கருத்துதான் படத்தின் முதுகெலும்பு: நாதியற்றவனுக்கும் மனிதனுக்கும் நடுவே இருப்பது ஒரு வேலை மட்டும்தான்.

முத்துமாலை, பங்குப் பத்திரம் எல்லாம் குழப்புகிறதே?

பலருக்கும் குழப்பம்தான், வேகமாகச் சொல்லிவிடுகிறார்கள். சாம்பலில் விழுந்த கோபம் தீராத கோர்னீலியா தன் முத்துமாலையைக் காட்ஃப்ரியின் மெத்தைக்கடியில் ஒளித்துவைத்துவிட்டுப் போலீஸை வரவழைக்கிறாள். தேடினால் மாலை அங்கே இல்லை. அவன் முன்பே கண்டுபிடித்து எடுத்துவிட்டான். அதை அடகு வைத்துப் பணமாக்கி, புல்லக் கம்பெனிப் பங்கு சரியப் போவதை ஊகித்துச் சந்தையில் விளையாடி, விலை விழுந்ததும் அந்தப் பங்குகளையே வாங்கிவைக்கிறான். அலெக்ஸாண்டர் புல்லக் திவாலாகி, பங்குதாரர் பணத்திலும் கைவைத்துவிட்டு ஜெயிலுக்குப் போகும் நிலையில் நிற்கும்போது, பங்குகளை அவரிடமும் மாலையைக் கோர்னீலியாவிடமும் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டு நிற்கிறான். மிஞ்சிய லாபத்தில் பழைய குப்பைமேட்டிலேயே "தி டம்ப்" என்று, குப்பைமேடு என்ற பெயரிலேயே, ஒரு இரவு விடுதி. அங்கே இருந்த ஆட்களுக்கே வேலை, குளிர்காலத்துக்குத் தங்க இடம்.

எஜமான் வீட்டில் காப்பி பரிமாறிக்கொண்டே அவர் கம்பெனிப் பங்கு சரியும் என்று பந்தயம் கட்டுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டால், பதில் இல்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்க அமெரிக்காவில் 1934-லேயே ஆணையம் வந்துவிட்டது. படம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

நடித்த ஜோடி நிஜத்தில் விவாகரத்து ஆனவர்களாமே?

ஆமாம். வில்லியம் பவலும் கரோல் லம்பார்டும் 1931-இல் கல்யாணம் செய்து 1933-இல் பிரிந்தவர்கள். மனக்கசப்பு இல்லாத பிரிவு. யூனிவர்சல் நிறுவனம் பவலை எம்ஜிஎம்மிடமிருந்து கடன் வாங்கியபோது, ஐரீனாக லம்பார்ட்தான் வேண்டும் என்று வற்புறுத்தியவர் பவலே. லம்பார்டைப் பாரமௌன்ட் நிறுவனத்திலிருந்து வரவழைத்தார்கள். திரையில் அவள் தொணதொணப்பதும், அவன் பொறுமையாகக் கண்ணை மூடித் திறப்பதும் இத்தனை இயல்பாக வருவதற்கு அந்தப் பழைய பழக்கமும் உதவியிருக்கும். லம்பார்ட் பின்னால் நடிகர் கிளார்க் கேபிளை மணந்தார். 1942 ஜனவரியில், போர்க் கடன் பத்திர விற்பனைக்காகச் சொந்த மாநிலமான இந்தியானாவுக்குப் போய்த் திரும்பும் வழியில் நெவாடாவில் விமானம் மலையில் மோதி இறந்தார். வயது 33.

ஐரீன் செய்வது காதலா, தொல்லையா?

இன்றைய கண்ணுக்குத் தொல்லை. ஒரு முதலாளிப் பையன் வீட்டு வேலைக்காரியின் அறைக்குள் இப்படி நுழைந்து நுழைந்து நின்றால் நாம் சிரித்திருப்போமா? வேலைக்கு இருப்பவனால் போ வெளியே என்று சொல்ல முடியாது. காட்ஃப்ரி மரியாதையாகப் பின்வாங்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்தச் சங்கடம் இருக்கத்தான் செய்கிறது. லம்பார்ட் ஐரீனைப் பொம்மைக்கு அடம்பிடிக்கும் குழந்தையாக நடித்திருப்பதால் நாம் மன்னித்துவிடுகிறோம். காதலிக்கிறேன் என்று காட்ஃப்ரி ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்வதில்லை. கடைசிக் காட்சியில் அவள் விடுதிக்கே வந்து, மேயரை வைத்துக் கல்யாணத்தை முடிக்கிறாள். கொஞ்ச நேரம் அசையாமல் நில்லு, முடிந்துவிடும் என்கிறாள். ஊசி போடும் நர்ஸ் மாதிரி! எனக்கு அந்தக் கல்யாணம் நிலைக்கும் என்று நம்பிக்கை இல்லை. அவர்கள் இருவரும் சேர்ந்து பாத்திரம் கழுவித் துடைக்கும் அடுப்படிக் காட்சியில் மட்டும் ஒரு நிமிடம் நம்பத் தோன்றுகிறது.

ஆஸ்கர் வாங்கியதா?

ஆறு பரிந்துரை, ஒரு விருதும் இல்லை. துணை நடிகர்களுக்கு ஆஸ்கர் தர ஆரம்பித்ததே 1936 படங்களுக்குத்தான். அந்த முதல் வருடமே நடிப்புக்கான நான்கு பிரிவிலும் பரிந்துரை பெற்றது இந்தப் படம்: பவல், லம்பார்ட், அம்மாவாக வரும் ஆலிஸ் பிரேடி, கொரில்லா கார்லோவாக வரும் மிஷா ஆவர் என்ற நடிகர். இயக்கத்துக்கும் திரைக்கதைக்கும் சேர்த்து ஆறு. இத்தனைக்கும் சிறந்த படத்துக்கான பட்டியலில் பத்துப் படங்கள் இருந்தும் இதற்கு இடம் இல்லை. அதில் ஜெயித்த "தி கிரேட் சீக்ஃபெல்ட்" படத்தின் நாயகனும் அதே வில்லியம் பவல்தான். 1999-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்போதைய நிஜ வீட்டு வேலையாட்கள் நிலை எப்படி?

படத்துக்கும் அதற்கும் வெகுதூரம். 1935-இல் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்துக்கு வழி செய்தது. ஆனால் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் அதில் சேர்க்கவில்லை. அதே வருடம் தொழிற்சங்க உரிமைக்கு வந்த சட்டமும், 1938-இல் குறைந்தபட்சக் கூலிக்கு வந்த சட்டமும் வீட்டு வேலையாட்களைக் கைவிட்டன. குறைந்தபட்சக் கூலி அவர்களை எட்டியது 1974-இல்தான். வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் பெரும்பங்கினர் செய்தது வீட்டு வேலை என்பதை வைத்துப் பார்த்தால், யாரை வெளியே விட்டார்கள் என்பது புரியும்.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியிலேயே, வீட்டு வேலை தேடும் கறுப்பினப் பெண்கள் காலையில் தெருமுனைகளில் காத்து நிற்பார்கள். வீட்டுக்காரம்மாக்கள் வந்து பேரம் பேசி, மணிக்கு இத்தனை சென்ட் என்று கூட்டிப் போவார்கள். எலா பேக்கர், மார்வெல் குக் என்ற இரு பெண்கள் 1935-இல் "தி கிரைசிஸ்" இதழில் எழுதிய கட்டுரை அதை "பிராங்ஸ் அடிமைச் சந்தை" என்றே குறிப்பிட்டது. ஆற்றங்கரையில் போய் ஆளைப் பார்த்துக் கூட்டிவரும் ஐரீன் காட்சியை இதற்குப் பக்கத்தில் வைத்தால், சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் நிற்கிறது.

1957 மறுபதிப்பைப் பார்க்கலாமா?

வேறு வேலை இல்லாவிட்டால் பார்க்கலாம். டேவிட் நிவனும் ஜூன் அல்லிசனும் நடித்த வண்ணப்படம். பஞ்ச காலம் போய்விட்டதால் காட்ஃப்ரியை ஆஸ்திரியாவிலிருந்து அனுமதியின்றி நாட்டுக்குள் வந்தவராக மாற்றினார்கள். குப்பைமேடு இல்லாத காட்ஃப்ரி, உப்பில்லாத ரசம்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே, திருட்டுப் பிரதியா?

பயப்பட வேண்டாம். 28 வருடத்தில் புதுப்பிக்க வேண்டிய பதிப்புரிமையை அமெரிக்காவில் யாரும் புதுப்பிக்கவில்லை. 1964-இலிருந்து அங்கே படம் பொதுச்சொத்து. சிக்கல் வேறு: யார் வேண்டுமானாலும் போடலாம் என்பதால் மங்கிப்போன, ஒலி கரகரக்கும் பிரதிகள்தான் அதிகம் உலவுகின்றன. வசனமே உயிரான படத்தை அப்படிப் பார்த்துவிட்டுப் புரியவில்லை என்று சொல்வது பாவம். கொஞ்சம் தேடி, புதுப்பித்த பிரதியாகப் பாருங்கள், ஆங்கில எழுத்துரையோடு பார்த்தால் இன்னும் நல்லது. வண்ணம் பூசிய பதிப்பும் உண்டு, அது வேண்டாம்.

இரண்டாம் தடவை பார்த்தால் எதைக் கவனிப்பது?

மாலியை. ஜீன் டிக்ஸன் நடித்த வேலைக்காரப் பெண். அந்த வீட்டில் வேஷம் இல்லாத வேலையாள் அவள் ஒருத்திதான். பட்லர்கள் வருவதும் ஓடுவதுமாக இருக்க, அத்தனை கிறுக்கர்களுக்கும் ஈடுகொடுத்து நிற்கிறாள். அவளிடம்தான் படத்தின் மிகக் கூர்மையான நக்கல்கள் இருக்கின்றன. முதல் நாள் காட்ஃப்ரிக்கு வீட்டு நிலவரத்தைச் சொல்லி எச்சரிப்பதும் அவள்தான். ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

நடுவில் ஒரு சின்னக் காட்சி வரும். காட்ஃப்ரியின் கோட்டில் அறுந்த பொத்தானைத் தைத்துக்கொண்டிருக்கிறாள் மாலி. அங்கே வரும் ஐரீன், அந்தப் பொத்தானை நான் தைக்கக்கூடாதா என்று ஏக்கத்தோடு கேட்கிறாள். அத்தனை நேரம் கல் மாதிரி இருந்த மாலிக்கு அழுகை வந்துவிடுகிறது. ஐரீனுக்குப் புரிகிறது, இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். ஒருத்தி எஜமானி, ஒருத்தி வேலைக்காரி, அழுகை ஒரே ஆளுக்காக. அதன் பிறகு கதை ஐரீனின் பின்னால் ஓடிவிடுகிறது. கோட்டைத் தைத்து முடித்தது யார் என்று படம் காட்டுவதில்லை. மாலிதான் முடித்திருப்பாள், அது அவள் வேலை.